கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கி வந்தால்

அக்கியில் கொப்புளத்துக்கு முன்னாலேயே வலி வந்துவிடும். முதுகிலிருந்து விலாவைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், குத்தல், சட்டை பட்டாலே கூச்சம். கொப்புளம் தெரிய ஒன்றிலிருந்து ஐந்து நாள் வரை ஆகலாம். புற்றுநோய் உள்ளவர்கள் மனம் அதிகம் நொந்துபோவது இந்த நாட்களில்தான். 'எலும்புக்குப் பரவிவிட்டதோ' என்ற பயத்தில் வீட்டில் சொல்லாமல் வலியை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். கீமோ வார்டில் நாள் முழுக்க நோயாளிகளோடு இருக்கும் நாங்கள் வீட்டாரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இது: "புதுசா எங்கயாவது வலிக்குதா?" என்று நீங்களே கேளுங்கள். வெளிச்சத்தில் சட்டையைக் கழற்றி முதுகைப் பாருங்கள். சிவந்த திட்டின் மேல் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், பட்டையாக, உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் அக்கிதான்.

சின்ன வயதில் சின்னம்மை போட்ட வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு வேர்களில் ஒடுங்கிக் கிடக்கும். கீமோவும் ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது அது நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதனால் அக்கி வந்தது என்பதற்காகப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. நோயாளியிடம் இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கொப்புளம் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். கீமோவில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் தாண்டியிருந்தாலும், புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் டாக்டர்கள் தொடங்குவார்கள். வழக்கமான அளவு அசைக்ளோவிர் 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து வேளை, குறைந்தது 7 நாள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வேளை தவறுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு. வாய்ப்புண்ணால் பெரிய மாத்திரையை விழுங்க முடியாதவர்களுக்குத் தண்ணீரில் கரையும் டிடி மாத்திரை இருக்கிறது. வாலாசைக்ளோவிர் என்றால் 1,000 மி.கி. மூன்று வேளை போதும். விலை கூடுதல், ஆனால் வேளை தவறாது.

இந்த அளவெல்லாம் சிறுநீரகம் சரியாக வேலை செய்பவர்களுக்கு. அசைக்ளோவிர் சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கக்கூடியது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் அளவு முடிவாகும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஒழிய நிறையக் குடிக்க வேண்டும். அளவு அதிகமானால் நோயாளி பிதற்றலாம், இல்லாததைப் பார்க்கலாம். "பாவம், மனசு ஒடிஞ்சு போச்சு" என்று வீட்டார் விட்டுவிடுவது உண்டு. திடீர்க் குழப்பம் மனச்சோர்வு அல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

நம் ஊரில் அக்கி என்றதும் மண்பாண்டம் செய்பவரிடம் போய்ச் செங்காவி எழுதிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். அதனால்தான் இந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. கீமோவால் ரத்த வெள்ளை அணு குறைந்தவருக்கு அப்படி விட முடியாது. காவிப் பூச்சுக்கு அடியில் கொப்புளம் பரவுகிறதா, சீழ் வைக்கிறதா என்று தெரியாது. பூசும் கையாலேயே பாக்டீரியா ஏறலாம். எல்லாவற்றையும் விட, அந்த 72 மணி நேரம் போய்விடும். பெரியவர்கள் மனம் கேட்காவிட்டால், மாத்திரை தொடங்கிய பிறகு, புண் மேல் எதுவும் பூசாமல் வேண்டிக்கொள்ளட்டும்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. கண் டாக்டரும் அன்றே பார்க்க வேண்டும். பட்டையை விட்டு வெளியே உடம்பில் ஆங்காங்கே கொப்புளம், மூச்சுத்திணறல், கடும் தலைவலி இருந்தால் ஊசி வழி அசைக்ளோவிர் தேவைப்படும்: கிலோவுக்கு 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டு அமுக்காமல் உடனே கிளம்புங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் "கீமோ போட்டவர்" என்று தேதியோடு சொல்லுங்கள். வெள்ளை அணு இறங்கியிருக்கும்போது ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

'ஒட்டிக்கும்' என்று தட்டு, டம்ளரைப் பிரித்து, நோயாளியைப் பின்னறையில் தனியே படுக்க வைப்பது எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி. வைரஸ் இருப்பது கொப்புள நீரில். புண்ணைத் துணியால் மூடி, துண்டை மட்டும் தனியாக வைத்து, கை கழுவினால், சின்னம்மை வந்து போனவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், சேர்ந்து சாப்பிடலாம். சின்னம்மை வராதவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள், அதோடு கைக்குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் பொருக்குத் தட்டும்வரை, அதாவது சுமார் 7 முதல் 10 நாள், தள்ளி இருக்க வேண்டும்.

அடுத்த கீமோ தள்ளிப்போவது இன்னொரு பாரம். நோயாளி தனக்குள் வாரக் கணக்குப் போட்டுக்கொண்டே தூக்கத்தைத் தொலைப்பார். "எத்தனை நாள் தள்ளலாம், என்ன ஆனதும் திரும்பத் தொடங்குவீர்கள்?" என்று அவர் முன்னிலையிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தேதி தெரிந்தால் பதற்றம் பாதி இறங்கும்.

புண் ஆறிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை அதிகம் கேட்காது. காபாபென்டின், அல்லது இரவில் 10 மி.கி.யில் தொடங்கும் அமிட்ரிப்டிலின் தருவார்கள், கட்டுப்பட நாளாகும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் குறைந்து "இனி கீமோவே வேண்டாம்" என்றால், வலி மருந்தைக் கூட்டுவதோடு மனநல டாக்டரையும் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் என்ற மருந்து போடுபவர்களுக்கு அக்கி வராமலிருக்கவே தினமும் அசைக்ளோவிர் தருவது வழக்கம். சீட்டில் அது இல்லையென்றால் கேளுங்கள். உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஒன்றிரண்டு மாத இடைவெளியில் போடலாம். முடிந்தால் முதல் கீமோவுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. நேரமில்லையென்றால் எந்தச் சுற்றுக்கு நடுவில் போடலாம் என்று புற்றுநோய் டாக்டர் சொல்வார்.