நெட்பிஎஸ்டியில் ஒரு ஒற்றைக்கொம்பு

ஜூன் 14

பரணில் கிடந்த பழைய 32 பிட் மடிக்கணினிக்கு உயிர் வந்துவிட்டது. போட்டது நெட்பிஎஸ்டி 10, யுனிக்ஸ் வழி வந்த ஒரு இலவச இயங்குதளம். 1993-ல் தொடங்கிய சிஸ்டம், இந்த மாதிரிக் கிழடுகளை இன்னும் கைவிடவில்லை. ஆச்சி சொல்லும் பனைச் சொற்களை இதில் ஒரு கோப்பாக ஏற்றிவிடலாம் என்று நினைப்பு. வெறும் கன்சோலில் (ஜன்னல்கள் இல்லாத எழுத்துத் திரை) தமிழுக்கு வழியே இல்லை. அங்குள்ள எழுத்துருவில் நம் எழுத்து கிடையாது, விசைப்பலகையை மாற்றும் கட்டளைக்கும் தமிழ் என்று ஒன்று இருப்பது தெரியாது. சரி, ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் எக்ஸ் விண்டோவுக்குப் போயாச்சு.

ஜூன் 15

எக்ஸில் விசைப்பலகையை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை, ஒரே வரி. ஆங்கிலமும் தமிழ்99 விசைப்பலகையும் அடுத்தடுத்து, கேப்ஸ் லாக்கைத் தட்டினால் மாறும், தமிழில் இருந்தால் அந்த விசையின் விளக்கு எரியும். ஜோர்தான். ஆனால் "அக்கானி" என்று அடித்தால் "அககானி" என்று வருகிறது! (பதநீரைத்தான் ஆச்சி ஊரில் அக்கானி என்பார்கள்.) ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும் என்பது தமிழ்99-ன் விதி, ஆனால் எக்ஸின் விசைப்பலகை முறைக்கு முந்தின விசை எது என்ற நினைவே கிடையாது, தட்டிய விசைக்கு உரிய எழுத்தைத் தள்ளிவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். புள்ளிக்கெல்லாம் இனி எஃப் விசையைக் கையால்தான் தட்ட வேண்டும். பழகின விரல் கேட்கவா செய்யும்?

ஜூன் 17

எக்ஸின் டெர்மினலான (கட்டளை தட்டும் ஜன்னல்) எக்ஸ்டெர்மில் "நெல்லை" என்று அடித்து ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னல இது, கொம்பு பின்னாடி கெடக்கு?"

"டெர்மினல் அப்படித்தான் ஆச்சி காட்டும்."

"ஒண்ணாப்புப் பிள்ளகூட இப்படி எழுதாதுல."

முப்பது வருசம் ஒண்ணாம் வகுப்பு எடுத்தவளிடம் என்ன வாதாட? விசயம் இதுதான். டெர்மினல் 1978-ல் வந்த விடி100 என்ற திரைக்கருவியின் காலத்திலிருந்து கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்தில் ஒரு எழுத்து. நமக்கு "நெல்லை" மூன்று எழுத்து. எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஆறு குறியீடு (ந, கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி), அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். அந்த ஆறில் புள்ளிக்கு மட்டும் தனிக் கட்டம் கிடையாது, ல மேலேயே ஏறிக்கொள்ளும். கொம்பும் ஐகாரக் குறியும் ஆளுக்கொரு கட்டம் பிடித்துக்கொள்ளும், அதுவும் கோப்பில் உள்ள வரிசைப்படி, மெய்க்குப் பின்னால். அதை முன்னால் தூக்கி வைப்பது எழுத்துருவையும் வடிவமைப்பு நிரலையும் சேர்ந்த வேலை, எக்ஸ்டெர்ம் அந்தப் பக்கமே போவதில்லை.

ஜூன் 18

கரண்ட் போய் வந்தது. ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) ஆக மாற எஸ்யூ கட்டளை கொடுத்தால் கடவுச்சொல் தப்பு, தப்பு, தப்பு. திரையில் எதுவும் தெரியாது இல்லையா, கேப்ஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்ததைக் கடைசியில்தான் பார்த்தேன். அப்புறம் விஐ என்ற எடிட்டரில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் தட்டினால் போனதெல்லாம் க, ப, ம, த. ஒவ்வொன்றுக்கும் ஒரு பீப். எழுதும்போது தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம் என்று, எழுதுவதிலிருந்து கட்டளைக்கு மாற எஸ்கேப் அடிக்கும்போதெல்லாம் கேப்ஸையும் தட்ட வேண்டியிருக்கிறது. சோறு தின்கிற கையாலேயே ஈ ஓட்டுகிற மாதிரி.

ஜூன் 22

நெட்பிஎஸ்டியின் மென்பொருள் தொகுப்பான பிகேஜிசோர்ஸில் எம்எல்டெர்ம் இருக்கிறது. பல மொழி எழுத்துக்காகவே எழுதப்பட்ட டெர்மினல். அமைப்புக் கோப்பில் ஓப்பன்டைப் வடிவமைப்புக்கான (எழுத்துருவின் விதிப்படி எழுத்தை அடுக்கும் வேலை) வரியைச் சேர்த்ததும் கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்தது. விஐயில் மட்டும் கர்சர் "நெ" மேல் இரண்டு எட்டு வைக்கிறது, திரை ஒரு கணக்கு, விஐ ஒரு கணக்கு. இது போதும் எனக்கு, அழகு பார்க்க வேறு இடம் இருக்கிறது.

ஆச்சி வந்து பார்த்தாள். கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "காவோலையப் போட்டுருக்க, குருத்தோலை எங்கல?" என்றாள். எஸ்கேப், கேப்ஸ், புது வரிக்கு ஓ, கேப்ஸ். சேர்த்துவிட்டேன்.