5 ஆல் வகுத்ததால் போன பேப்பர்

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் இரண்டாவது முயற்சியில் பாஸ். முதல் தடவை 3 மார்க்கில் போனது. அந்த 3 மார்க்கை எங்கே தொலைத்தேன் என்று நன்றாகத் தெரியும் என்பதால் கேபிடல் பட்ஜெட்டிங்கில் (எந்த முதலீட்டைச் செய்யலாம் என்று தேர்ந்தெடுக்கும் பகுதி) இந்த ஒரு கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதற்கெல்லாம் உங்களிடமே நோட்ஸ் இருக்கும்.

ஆயுள் வேறுபட்ட இரண்டு மெஷின், வருடத்துக்கு எது மலிவு என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருபது தடவையாவது போட்ட வகைதான். நினைவிலிருந்து எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். ஏ: விலை 90,000, ஆயுள் 3 வருடம், வருடச் செலவு 20,000. பி: விலை 1,75,000, ஆயுள் 5 வருடம், வருடச் செலவு 12,000. டிஸ்கவுண்ட் ரேட் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் வட்டி விகிதம்) 10%. ஆன்யுட்டி ஃபேக்டர் (ஒவ்வொரு வருட முடிவிலும் 1 ரூபாய் என்றால் அதன் மொத்த இன்றைய மதிப்பு) 3 வருடத்துக்கு 2.487, 5 வருடத்துக்கு 3.791.

செலவுகளின் தற்போதைய மதிப்பு ஏ-வுக்கு 1,39,740, பி-க்கு 2,20,492. இதுவரை சரியாகத்தான் போட்டேன். அப்புறம் அவசரத்தில் முதலாவதை 3 ஆலும் இரண்டாவதை 5 ஆலும் வகுத்துவிட்டேன். 46,580, 44,098. ஆகவே பி என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டேன்.

வகுத்திருக்க வேண்டியது ஃபேக்டரால். அப்படிச் செய்தால் ஏ 56,188, பி 58,162. விடையே மாறிவிடுகிறது. வருடங்களால் வகுத்தால் வட்டி காணாமல் போய்விடும், அதுவும் ஆயுள் நீளமான மெஷினுக்குத்தான் அதிகம் போகும். அதனால்தான் பி மலிவாகத் தெரிந்தது.

இதற்கு என்னிடம் இப்போது ஒரே மருந்து: வந்த விடையைத் திருப்பிப் பெருக்குங்கள். 44,098 × 3.791 = 1,67,176 தான் வருகிறது, 2,20,492 வரவில்லை. கால்குலேட்டரில் பத்து வினாடி வேலை. எனக்கு அது ஆறு மாதம்.

என்னோடு படித்த ஒருவர் வகுக்கவே இல்லை. 1,39,740 சின்னது, ஆகவே ஏ என்று எழுதிவிட்டு வந்தார். விடை சரி, வழி தப்பு. பி-யின் விலை 1,50,000 என்று இருந்திருந்தால் அவர் மாட்டியிருப்பார். அப்போதும் மொத்த மதிப்பில் பி-தான் பெரியது (1,95,492), ஆனால் வருடத்துக்கு 51,567 தான், ஏ-வைவிடக் குறைவு.

வருடச் செலவு ஒரே அளவாக இருந்து, கடைசியில் விற்பனை மதிப்பு எதுவும் இல்லையென்றால் விலையை மட்டும் ஃபேக்டரால் வகுத்து வருடச் செலவைக் கூட்டினால் போதும். 36,188 + 20,000. முடிந்தது.

எல்சிஎம் முறையிலும் (இரண்டு ஆயுளுக்கும் பொதுவான மீச்சிறு மடங்கு வரை கணக்கிடுவது) இதே முடிவுதான் வரும். 15 வருடத்துக்கு ஏ-வை ஐந்து தடவை, பி-யை மூன்று தடவை வாங்கி டைம்லைன் போட வேண்டும். பொறுமைசாலிகளுக்கு அது பிடிக்கும். எனக்குப் பரீட்சை ஹாலில் கை நடுங்கும். 12-ஆம் வருடம் என்பதை 13 என்று எழுதுகிற ஆள் நான், அதனால் அந்தப் பக்கமே போவதில்லை.

பேனாவை எடுக்கும் முன் கேள்வியில் தேட வேண்டியவை:
- விற்பனை மதிப்பு, தேய்மானத்தால் வரும் வரிச் சேமிப்பு. இரண்டையும் தற்போதைய மதிப்பில் சேர்த்த பிறகே ஃபேக்டரால் வகுக்க வேண்டும்.
- பணவீக்கம் கொடுத்திருந்தால் ரியல் ரேட் (பணவீக்கத்தை நீக்கிய வட்டி விகிதம்).
- வருமானமும் இருந்தால் என்பிவி-யை (வரவின் தற்போதைய மதிப்பில் செலவினதைக் கழித்தது) ஃபேக்டரால் வகுக்க வேண்டும், பெரியதை எடுக்க வேண்டும். செலவு மட்டும் என்றால் சின்னது.
- மெஷின் மறுபடி வாங்கப்படுமா?

கடைசியாகச் சொன்னதில்தான் இந்தத் தடவை விழப் பார்த்தேன். ஆயுள் 4, 6 என்று கண்ணில் பட்டதும் ஃபேக்டரைத் தேடிப் போய்விட்டேன். அரைப் பக்கம் எழுதிய பிறகுதான் அடியில் இருந்த வரியைப் பார்த்தேன்: ஒப்பந்தம் 4 வருடத்தில் முடிகிறது, அதன்பின் மெஷின் தேவையில்லை. 6 வருட மெஷினை 4-ஆம் வருட முடிவில் என்ன விலைக்கு விற்கலாம் என்றும் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் அந்த 4 வருடத்துக்குள்ளேயே ஒப்பிட்டால் போதும், வருடக் கணக்குக்கு அங்கே வேலையே இல்லை. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி போட்டதில் பத்து நிமிடம் போனது, கடைசித் தியரி கேள்விக்கு வெறும் பாயிண்ட்கள்தான் எழுத முடிந்தது. பாஸ் மார்க்குக்கு மேல் வந்தது 2 மார்க்.