லைட் எரியும் கீபோர்டு: ஆர்டர் போடும் முன் அடிமூடியைத் திறங்கள்

பழைய லேப்டாப்பில் லைட் எரியும் கீபோர்டு போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. அடிமூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். கீபோர்டின் அகலமான ரிப்பன் (தட்டை வயர்) நுழையும் சாக்கெட்டுக்குப் பக்கத்திலோ சற்றுத் தள்ளியோ சின்னதாக இன்னொரு சாக்கெட், பெரும்பாலும் நாலு பின்னோடு, இருக்க வேண்டும். லைட்டுக்குக் கரண்ட் அதிலிருந்துதான் வரும். அந்த இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். சாக்கெட்டை வாங்கிப் பற்றவைத்தாலும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் உதிரிகள் பல போர்டுகளில் இருக்காது. சாக்கெட் இருந்தும் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அனுமதிக்காத மாடல்களும் உண்டு. ஆகவே உங்கள் மாடலில் வேறு யாராவது மாற்றி எரிந்திருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழைய கீபோர்டின் அடியில் லைட் ஷீட்டை மட்டும் சொருகலாமா என்று கேட்பார்கள். முடியாது. பழைய கீபோர்டில் எழுத்து பெயின்ட், ஒளி ஊடுருவாது.

வாங்கும்போது லேப்டாப் பெயரைச் சொன்னால் போதாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று அச்சுகள் வருகின்றன. பழையதன் முதுகில் ஒட்டிய பார்ட் நம்பர், ரிப்பனின் நீளம், என்டர் பட்டன் படுத்திருக்கிறதா எல் வடிவில் நிற்கிறதா, மூன்றையும் ஒப்பிடுங்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடைகளில் கேட்டால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். போட்டோ காட்டி, ரிப்பன் இரண்டா (ஒன்று லைட்டுக்கு) என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள்.

சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இணைப்பையும் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். உள்பேட்டரி உள்ள லெனோவா திங்க்பேட் லேப்டாப்களில் பயாஸுக்குள் கன்ஃபிக், பவர் என்று போனால் உள்பேட்டரியை அணைக்கும் வசதி உண்டு. ஆனால் சார்ஜரை மறுபடி சொருகினால் அது தானாக உயிர்பெற்றுவிடும்.

பத்தமடைப் பாயில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஸ்குரு கோரை இடுக்கில் போனால் போனதுதான். வெள்ளைத் துண்டு விரித்த மேசை நல்லது. பனகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் ஜன்னலையும் அடைத்துக்கொள்ளுங்கள். ஸ்குருக்களின் நீளம் வேறுவேறு. நீளமானது குட்டைக்கான ஓட்டையில் ஏறினால் மேல்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். அட்டையில் லேப்டாப் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

மேலிருந்தே தூக்கி எடுக்கும் கீபோர்டு என்றால் வேலை அரை மணி நேரம். விலை குறைந்த மெல்லிய மாடல்களில்தான் சோதனை: கீபோர்டு, மெக்கானிக்குகள் ‘சி பேனல்’ என்கிற கைப்பகுதியோடு பிளாஸ்டிக் ரிவெட்டுகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். போர்டு, ஃபேன், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கறுப்பு ஷீட்டை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி உரித்தால் டஜன் கணக்கில் ரிவெட் தலைகள் தெரியும். கூர்மையான பிளேடால் காளான் தலையை மட்டும் சீவுங்கள். தண்டோடு வெட்டினால் புதியதைப் பிடித்து நிறுத்த ஒன்றும் மிஞ்சாது. லைட் ஷீட் சேர்ந்த புதிய கீபோர்டு கொஞ்சம் தடிமன் வேறு. தண்டு ஏற்கெனவே குட்டையாகத்தான் தெரியும்.

புதிய கீபோர்டைத் தண்டுகளில் உட்கார வைத்து, அவற்றை உருக்குவதற்கு முன் சோதனை. போர்டைத் தற்காலிகமாக இணைத்து இரண்டு ரிப்பனையும் மாட்டுங்கள். சாக்கெட்டில் பூட்டு இரண்டு வகை: மேலே நிமிரும் மூடி ஒன்று, இரு ஓரமும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நகரும் பட்டை இன்னொன்று. நிமிர்கிறதை இழுத்தாலும், நகர்கிறதை நிமிர்த்தினாலும் சாக்கெட் உடையும். போர்டில் அதை மாற்றுவது வீட்டு வேலை இல்லை. ரிப்பனில் வெள்ளைக் கோடு இருந்தால் அது சாக்கெட்டுக்கு நேர்இணையாக நிற்க வேண்டும். உவரி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் முனை பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் வேலை செய்யாவிட்டால் அந்தப் பட்டனில் கோளாறு. ஏழெட்டு சேர்ந்து செத்திருந்தால் ரிப்பன் கோணலாக நுழைந்திருக்கிறது, அல்லது அதில் ஒரு தடம் அறுந்திருக்கிறது. பட்டன்கள் வரிசை வரிசையாக ஒரே தடத்தைப் பகிர்கின்றன. லைட்டுக்கு லெனோவாவில் பெரும்பாலும் எஃப்என்னோடு ஸ்பேஸ் பார். மற்ற கம்பெனிகளில் மேல்வரிசையில் லைட் படம் போட்ட பட்டன்.

எல்லாம் சரி என்றால் 25 வாட் சால்டரிங் அயர்னின் தட்டை முனையால் ஒவ்வொரு தண்டையும் ஓரிரு நொடி தொட்டு அமுக்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். நடுவில் விட்டுப்போனால் டைப் செய்யும்போது கீபோர்டு துள்ளும். கூட நேரம் வைத்தால் சூடு மறுபக்கம் வரை போய்க் கைவைக்கும் இடத்தில் பள்ளம் விழும். பிளாஸ்டிக் புகை கெட்டது, இந்த நேரத்தில் மட்டும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தண்டு எட்டாத இடத்தில் இரண்டு டியூப் கலந்து ஒட்டும் எபாக்சி ஒரு சொட்டு. ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம்: நீர்மாதிரி ஓடிப் பட்டனுக்குள் இறங்கும், அதன் ஆவி வெள்ளையாகப் படியும்.

உரித்த கறுப்பு ஷீட்டைத் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள். சில மாடல்களில் ஒளி உள்பக்கம் கசியாமல் தடுப்பது அதுதான். எரியும்போது ஒரு மூலை மட்டும் மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் லைட் ஷீட் அங்கே மடங்கியிருக்கிறது. ரிவெட் உருக்கிய பிறகு அதை நிமிர்த்த வழியில்லை, சோதனை நேரத்திலேயே அறையை இருட்டாக்கிப் பார்த்துவிடுங்கள்.