விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை

அமெரிக்கக் கால்பந்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எந்த அணிக்கும் நான் நிரந்தர ரசிகன் அல்லன். ஆட்டம் நன்றாக இருந்தால் போதும் என்று உட்காருகிறவன். அப்படிப்பட்ட எனக்கே இரண்டு ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்கள் இன்னமும் உறுத்துகின்றன. முதலாவதில், விதிமீறலுக்கு நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழவில்லையே என்று கோபப்பட்டேன். இரண்டாவதில் அது விழுந்துவிட்டதே என்று கோபப்பட்டேன்.

முதலாவது, 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நடந்தது. செயின்ட்ஸ், ராம்ஸ் இரண்டில் எது லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போகும் என்பதை முடிவு செய்யும் ஆட்டம். 20-20 என்று சமநிலை. இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரமே மிச்சம். ராம்ஸின் 13 யார்டு கோட்டிலிருந்து, மூன்றாவது டவுனில் (பந்தை 10 யார்டு முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), செயின்ட்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவரான டுரூ பிரீஸ் வலது பக்கக்கோட்டை ஒட்டி டாமிலீ லூயிஸுக்குப் பந்தை எறிந்தார். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் ஓடிவந்து, பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லூயிஸை மோதிச் சாய்த்தார். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்து வந்து சேருமுன் அதைப் பிடிக்கப்போகிறவரைத் தடுப்பது) என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவருக்கு எடுத்துக்காட்டாகக் காட்டக்கூடிய மோதல் அது. கொடி விழவில்லை. விழுந்திருந்தால் செயின்ட்ஸ் கடிகாரத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கரைத்துவிட்டு, மிக அருகிலிருந்து, கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி பெறும் ஒரு ஃபீல்டு கோல் அடித்து வென்றிருக்கும். அதற்குப் பதிலாக, செயின்ட்ஸ் உடனே எடுத்த மூன்று புள்ளிகளுக்கு ராம்ஸ் பதிலடி கொடுத்துச் சமன் செய்ய நேரம் கிடைத்தது. கூடுதல் நேரத்தில் 57 யார்டு தூரத்திலிருந்து உதைத்த ஃபீல்டு கோலால் 26-23 என்று அது வென்றது.

தான் முந்திப் போய் மோதியதாக ரோபி-கோல்மனே பிறகு ஒப்புக்கொண்டார். தலைக்கவசத்தோடு தலைக்கவசம் மோதியதற்காக லீக் அவருக்கு 26,739 டாலர் அபராதமும் போட்டது. களத்தில் குற்றமே இல்லை என்று விடப்பட்ட ஒன்றுக்கு, சில நாள் கழித்து அலுவலகத்திலிருந்து அபராதச் சீட்டு போனது. பருவச் சீட்டு வைத்திருந்த சிலர் நீதிமன்றத்துக்கே சென்றார்கள்; லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ராம்ஸ் ரசிகர்களிடம் பேசினால் அவர்கள் வேறொரு காட்சியை நினைவூட்டுவார்கள்: அதே நாலாம் கால்பகுதியில், இறுதிக் கோட்டுக்கு அருகே, தங்கள் குவார்ட்டர்பேக் ஜேரட் காஃபின் முகக்கம்பியைச் செயின்ட்ஸ் ஆட்டக்காரர் பிடித்து இழுத்ததற்கும் கொடி விழவில்லை. அதுவும் உண்மைதான்.

இந்த நடுவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள், முழுநேர நடுவர்களை அமர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் விதியின் சொல்லிலேயே நெகிழ்வு இருக்கிறது: பந்தைப் பிடிக்கும் வாய்ப்பைக் ‘குறிப்பிடத்தக்க’ அளவு தடுத்தால்தான் குற்றம். கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. சர்ச்சை எழுந்தால், பந்து ஸ்டம்பின் எந்தப் பகுதியில் பட்டிருக்கும் என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடலாம். ‘குறிப்பிடத்தக்க’ என்பதற்கு யாராலும் கோடு போட முடியாது. களத்தில் நிற்கும் ஏழு நடுவர்களில் ஒவ்வொருவரும் தன் மனத்தில் ஒரு கோட்டை வைத்திருக்கிறார். வழக்கமான பருவத்தில் ஒரே குழு வாராவாரம் சேர்ந்து பணியாற்றுவதால் அந்தக் கோடுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. எந்தக் குழு எதைக் கண்டிக்கும், எதை விட்டுவிடும் என்று பயிற்சியாளர்கள் கணக்கெடுத்தும் வைத்திருக்கிறார்கள். பருவத்தின் இறுதியில் தோற்றவர் வெளியேறும் பிளேஆஃப் சுற்று வந்ததும், பருவம் முழுதும் பெற்ற மதிப்பெண்களைப் பார்த்து, வெவ்வேறு குழுக்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கிப் புதிய குழு சேர்க்கிறார்கள். தனித்தனியே தேர்ந்தவர்கள்தாம், ஆனால் ஆண்டின் மிக முக்கியமான ஆட்டத்தில்தான், அதிகம் பழகாத ஏழு பேரின் கண்கள் ஒரே அளவில் பார்க்க வேண்டியிருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் சம்பவத்துக்குப் பின் லீக் ஒரு மருந்து கண்டுபிடித்தது. 2019 மார்ச்சில், 31-க்கு 1 என்ற வாக்கில், பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளே மூலம் மறுபரிசீலனை செய்யலாம் என்று அணி உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். கொடி விழாத நகர்வையும் எதிர்த்து முறையிடலாம் என்பது அதுவரை இல்லாத துணிச்சல். அந்த ஆண்டு நவம்பரில் பால்டிமோரில் டெக்சன்ஸ் அணியின் டியாண்ட்ரே ஹாப்கின்ஸைத் தடுப்பாட்டக்காரர் பந்து வருமுன்னே கட்டிப்பிடித்துக்கொண்டார், கொடி விழவில்லை, பயிற்சியாளர் முறையிட்டார், நியூயார்க்கில் ரீப்ளே பார்த்தவர்கள் களத்தீர்ப்பே சரி என்றார்கள். என்ன காரணத்துக்காக விதி பிறந்ததோ அதே காரணத்துக்கு அது உதவவில்லை. ஒரே பருவத்தோடு அதைக் கைவிட்டார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தொடுகை தெரியும். எவ்வளவு தொடுகை என்பதற்குத்தான் அளவுகோல் இல்லையே.

அளக்கக்கூடிய இடத்திலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலன் நான்காவது டவுனில் ஒரு யார்டுக்கும் குறைவான தூரத்துக்காக ஆட்கூட்டத்துக்குள் முட்டிப் பாய்ந்தார். இரு பக்கக்கோடுகளிலிருந்தும் ஓடிவந்த நடுவர்கள் பந்து நின்ற இடத்தை வேறு வேறாகக் காட்டினார்கள். முன்னேற்றம் குறைவாகக் காட்டிய இடமே ஏற்கப்பட்டது. எதிரணியான சீஃப்ஸ் 32-29 என்று வென்றது. அடுத்த பருவத்தில், 10 யார்டை அளக்கப் பயன்பட்ட சங்கிலிக்குப் பதில் கேமராக்கள் தூரத்தை அளக்கத் தொடங்கின. ஆனால் பந்தை எங்கே வைப்பது என்பதை இன்றும் கண்மதிப்பில் ஒரு மனிதர்தான் சொல்கிறார். அவர் வைத்த இடத்திலிருந்து இயந்திரம் நுணுக்கமாக அளந்து தருகிறது.

இரண்டாவது ஆட்டம் 2023 பிப்ரவரி 12-இன் சூப்பர் பவுல். 35-35, மூன்றாவது டவுன், 1 நிமிடம் 54 வினாடி மிச்சம். சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்து யாருக்கும் எட்டாமல் போனது. ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரி, திரும்ப முயன்ற ரிசீவரின் (பந்தைப் பிடிக்க ஓடுபவரின்) சட்டையை ஒரு கணம் இழுத்துவிட்டார் என்று ஹோல்டிங், அதாவது பிடித்திழுத்த குற்றத்துக்கான கொடி விழுந்தது. இந்த அளவு இழுபறியை அன்று மாலை முழுவதும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள் என்றே எனக்குப் பட்டது. வர்ணனையில் இருந்த கிரெக் ஓல்சனும் அந்தக் கொடியை ஏற்கவில்லை. அதனால் புதிய முதல் டவுன் கிடைத்ததும் சீஃப்ஸின் ஜெரிக் மெக்கினன், பந்தை இறுதிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச் டவுன் எடுக்கும் வாய்ப்பிருந்தும், நேரத்தைக் கரைப்பதற்காக 2 யார்டு கோட்டில் வேண்டுமென்றே சறுக்கி உட்கார்ந்தார். 8 வினாடி இருக்கையில் உதைத்த ஃபீல்டு கோலில் சீஃப்ஸ் வென்றது.

நான் கத்திக்கொண்டிருந்தபோது பிராட்பெரியே வந்து, அது ஹோல்டிங்தான், சட்டையை இழுத்தேன், நடுவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன் என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அந்த நம்பிக்கை சும்மா வராது. மூன்று மணி நேரம் எதற்குக் கொடி விழுகிறது, எதற்கு விழவில்லை என்று பார்த்துப் பார்த்து, அன்றைய நடுவர்களின் கோடு எங்கே இருக்கிறது என்று அவர் கணித்து வைத்திருந்தார்; கையில் சட்டைத் துணி அகப்பட்ட அந்த நொடியில் அந்தக் கணிப்பை நம்பித்தான் இழுத்தார்.