உதட்டில் குத்திக்கொள்ளும் முன்பும் பின்பும்

அக்காள் மகள் கீழுதட்டில் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் வலியைப் பற்றியே கேட்டார்கள். ஊசி உதட்டைக் கடப்பது நொடி நேர வேலை என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் வாய்க்குள் தங்கப்போகும் உலோகத்தைப் பற்றித்தான் அவளிடம் பேசினேன். நேர்த்திக்கடனுக்காகக் கன்னத்தில் அலகு குத்திக்கொள்பவர்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அலகு அன்றைக்கே உருவப்பட்டுவிடுகிறது, பல்லோடும் ஈறோடும் உரசிக்கொண்டு அங்கேயே குடியிருப்பதில்லை.

கீழுதட்டு அணியின் உட்புறத்தில் தண்டைத் தாங்கும் சிறு தட்டு ஒன்று இருக்கும். பேசும்போதும் மெல்லும்போதும் அது கீழ் முன்பற்களின் ஈறில் உரசிக்கொண்டே இருப்பதால், நாளடைவில் ஈறு தேய்ந்து இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரியத் தொடங்குகிறது. அணிந்திருக்கும் காலம் நீள நீள இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. வலியே இல்லாமல் நடப்பதால் பலர் கவனிப்பதில்லை. இறங்கிய ஈறு தானாக மேலேறி வராது. தேவைப்பட்டால் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவார்கள். அணியைப் பல்லால் கடித்து விளையாடும் பழக்கம் வந்துவிட்டால் எனாமலில் விரிசல் விழும், பல் சில்லாகவும் பெயரும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வாய்ப்பகுதியில் குத்திக்கொள்வதையே வேண்டாம் என்கிறது. இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது, ஏனெனில் வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தின் உட்படலத்தைத் தாக்கக்கூடும்.

குத்துமிடத்தில் துப்பாக்கி போன்ற கருவியை எடுத்தால் எழுந்து வந்துவிடலாம். ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசி, ஆட்டோகிளேவ் எனும் உயரழுத்த நீராவிப் பெட்டியில் நுண்ணுயிர் நீக்கிய கருவிகள், புதிய கையுறை ஆகியவை இல்லாத இடத்தில் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி போன்றவை தொற்றும் ஆபத்து உண்டு. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளை முன்கூட்டியே போட்டிருப்பது நல்லது. அணி, உடலுக்குள் பொருத்தத் தகுந்த தரமுள்ள டைட்டானியமாக இருக்கட்டும். கவரிங் நகையில் நிக்கல் இருந்தால் ஒவ்வாமை வரலாம்.

காயம் ஆறப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். வெளிப்புறத்தை 0.9 சதவீத உப்புள்ள, நுண்ணுயிர் நீக்கிய சலைனால் நனைத்துத் துடைத்தால் போதும். வீட்டில் உப்பைக் கரைத்தால் பெரும்பாலும் செறிவு மிகுந்து தோலை வறளச் செய்துவிடும். உட்புறத்திற்கு, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீரிலோ ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷிலோ வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் திசுவையும் சேர்த்தே எரிக்கும். மூக்குக் குத்தியபோது வைத்த மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் இங்கே வேண்டாம் என்றபோது அம்மாவுக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் எண்ணெய்ப் பூச்சு துளையை அடைத்து, கசியும் நிணநீரை உள்ளேயே தேக்கிவிடும். ஆறும்வரை புகை, வெற்றிலைப் பாக்கு, மிகுந்த காரம் ஆகியவற்றையும் தள்ளிவைக்க வேண்டும்.

முதல் சில நாள் வீக்கத்திற்கு இடம் விட்டே நீளமான தண்டைப் போடுவார்கள். அப்படியும் தட்டு உதட்டின் உட்சதையில் புதையத் தொடங்கினால் உடனே குத்தியவரிடமோ மருத்துவரிடமோ போக வேண்டும். வீக்கம் வடிந்த சில வாரங்களில் குட்டையான தண்டுக்கு மாற்றிக்கொள்வதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல்லையும் ஈறையும் அதிகம் இடிப்பது அந்த நீளத் தண்டுதான்.

வெளிறிய நீர் கசிந்து பொருக்காகக் காய்வது இயல்பு. மஞ்சளோ பச்சையோ கலந்த சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமானாலோ நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். பயத்தில் அணியைத் தானே கழற்றிவிடக் கூடாது, ஏனெனில் துளையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளக்கூடும்.