ஜப்பான்ல நம்ம ஊர் டிரைவிங் லைசன்ஸை மாத்தின கதை

டோக்கியோ, ஒசாகா மாதிரி ஊர்ல இங்லீஷ் சொல்லிக்குடுக்குறவங்களுக்கு இது பெருசா உதவாது, அங்க ட்ரெயின் இருக்கு, சைக்கிள் இருக்கு, கார் வச்சிருந்தா பார்க்கிங் வாடகையே தண்டம். என்னை மாதிரி நாகானோ பக்கம் மலைக்கு நடுவுல இருக்குற டவுனுக்கு ஏஎல்டியா வந்து மாட்டுறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். ஏஎல்டின்னா உதவி ஆசிரியர் மாதிரி, கிளாஸ்ல ஜப்பானிய டீச்சர்தான் மெயின், நாம கூட நின்னு வாசிச்சுக் காட்டுறது, பேச வைக்கிறது, விளையாட்டு நடத்துறது.

2020 ஏப்ரல்ல இருந்து இங்க அஞ்சாவது ஆறாவதுக்கு இங்லீஷ் முறையான பாடம் ஆயிடுச்சு, வருஷத்துக்கு 70 பீரியட், மூணாவது நாலாவதுக்கு 35. எலிமெண்டரி ஸ்கூல் ஒவ்வொண்ணுக்கும் தனியா ஆள் போட மாட்டாங்க, அதனால ஒரே ஆளு ஒரு ஜூனியர் ஹை ஸ்கூலையும் சுத்தி இருக்குற எலிமெண்டரி ஸ்கூலையும் பாத்துக்கணும். எனக்கு வந்த ஸ்கூல்ல ஒண்ணு மலை மேல. பஸ் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுவும் லீவு நாள்ல கிடையாது. சோ கார் இல்லாம வேலையே இல்ல.

வேலை எப்படி கிடைச்சதுன்னு கேக்குறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்கூல்ல சொல்லிக்குடுக்குறதுக்கான விசாவுக்கு எந்த மொழிய சொல்லிக்குடுக்கப் போறோமோ அந்த மொழியில 12 வருஷம் படிச்சிருக்கணும். அதனால இங்லீஷ் மீடியத்துல படிச்சேன்னு ஸ்கூல்ல லெட்டர் வாங்கணும், நடுவுல ஸ்கூல் மாறி இருந்தா ரெண்டு இடத்துலயும் வாங்கணும், டிகிரி சர்ட்டிபிகேட்டும் வேணும். அது ஒரு தனிக் கதை, விடுங்க.

முதல் வருஷம் இண்டர்நேஷனல் பெர்மிட்ல ஓட்டலாம். இந்தியாவும் ஜப்பானும் 1949 ஜெனீவா ஒப்பந்தத்துல இருக்குறதால நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல குடுக்குற பெர்மிட் இங்க செல்லும். ஆனா ஜப்பானுக்குள்ள வந்த தேதில இருந்து ஒரு வருஷம்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போயி புதுசா ஒரு பெர்மிட் வாங்கிட்டு வந்தா இன்னொரு வருஷம் ஓட்டலாமேன்னு எல்லாருக்கும் தோணும், எனக்கும் தோணுச்சு, அது நடக்காது. இங்க குடியிருக்குறவங்க வெளிய போயி மூணு மாசத்துக்குள்ள திரும்பி வந்துட்டா பழைய கணக்குதான் ஓடும். அது தெரியாம ஓட்டுனா லைசன்ஸ் இல்லாம ஓட்டுன கேஸ். வேலையும் போகும், விசாவும் சந்தேகம். எந்த வாத்தியாரு மூணு மாசம் லீவு போட முடியும் சொல்லுங்க. அதனால வந்து ஆறேழு மாசத்துலயே லைசன்ஸ் மாத்துற வேலைய ஆரம்பிச்சிடுங்க, நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அப்பவும் கடைசில இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னுதான் முடிஞ்சது.

சில நாட்டுக்காரங்களுக்கு டெஸ்ட்டே கிடையாது, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆளுங்க எல்லாம் பேப்பரக் குடுத்து கண் டெஸ்ட் முடிச்சுட்டு அன்னைக்கே கார்டோட வீட்டுக்குப் போயிடுவாங்க. இந்தியா அந்த லிஸ்ட்ல இல்ல. எழுத்து டெஸ்ட்டும் உண்டு, ஓட்டிக் காட்டுறதும் உண்டு. அமெரிக்காகாரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கும் நம்ம நிலைமைதான்னு தெரிஞ்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, பொய் சொல்லல.

பேப்பர்ல முதல்ல நம்ம லைசன்ஸோட ஜப்பானிய மொழிபெயர்ப்பு. யாரு வேணா எழுதிக் குடுத்துட முடியாது, ஜாஃப்னு சொல்ற ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன்ல வாங்கிடுறது ஈஸி. ஆன்லைன்லயே அப்ளை பண்ணி கன்வீனியன்ஸ் ஸ்டோர் ப்ரிண்டர்ல எடுத்துக்கலாம். அடுத்து டவுன் ஆபீஸ்ல ஜூமின்ஹ்யோ, நம்ம வீட்டு முகவரி பதிவுக்கான சான்று, அதுல நேஷனாலிட்டி வர்ற மாதிரி கேட்டு வாங்குங்க, கேக்கலன்னா அது இல்லாம ப்ரிண்ட் பண்ணிக் குடுத்துடுவாங்க, அப்புறம் திரும்ப லைன்ல நிக்கணும். போட்டோ 3 க்கு 2.4 சென்டிமீட்டர், ஸ்டேஷன் வாசல்ல இருக்குற போட்டோ பெட்டியில அந்த சைஸ் இருக்கும்.

எனக்கு ரொம்ப இழுத்தது பாஸ்போர்ட்தான். லைசன்ஸ் வாங்குன அப்புறம் அந்த நாட்டுல மொத்தமா மூணு மாசமாவது இருந்தோம்னு காட்டணும், அவங்க ஸ்டாம்ப் ஒவ்வொண்ணா பாத்து பேப்பர்ல கூட்டிப் பாப்பாங்க. நான் லைசன்ஸ் எடுத்தது காலேஜ் படிக்கிறப்போ, அப்ப இருந்தது பழைய பாஸ்போர்ட், அது ஊர்ல பீரோவுக்குள்ள. அம்மா அதைத் தேடி எடுத்து ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புற வரைக்கும் எதுவும் நகரல. இங்க வரும்போதே பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துட்டு வந்துடுங்க, கார்னர் வெட்டுனது செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. லைசன்ஸ் ரினியூ பண்ணியிருந்தா முதல்ல குடுத்த தேதி கார்டுல இருக்கான்னும் பாத்துக்குங்க, இல்லன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர் வேணும்.

லைசன்ஸ் சென்டர் வார நாள்லதான் வேலை செய்யும், போன் பண்ணி அப்பாயிண்ட்மெண்ட் வாங்கணும், ஜப்பானிய மொழி சுமாரா இருந்தா பேசத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு வரச் சொல்வாங்க. நான் வேலை பாக்குற ஜூனியர் ஹை ஸ்கூலோட இங்லீஷ் டீச்சர் வந்தாங்க, அவங்களும் லீவு போட்டுத்தான் வந்தாங்க, அதுக்கு ஊர்ல இருந்து வந்த முந்திரிய பாக்கெட்டோட குடுத்தேன். கவுண்டர்ல என்னைக் கூப்பிடுறது எங்க அப்பா பேரச் சொல்லித்தான், பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இருக்குற இடத்துல அப்பா பேர் இருக்குல்ல, ஸ்கூல்லயும் நான் அப்பா பேர்லதான் சென்செய், அதாவது டீச்சர். வாட்ஸப்ல சொன்னா அப்பாவுக்கு ஒரே பெருமை.

அங்க ஒரு இண்டர்வியூ உண்டு. உங்க நாட்டுல எத்தன நாள் டிரைவிங் ஸ்கூல் போனீங்க, டெஸ்ட்ல எத்தன கேள்வி, எந்த வண்டில ஓட்டிக் காட்டுனீங்க, எவ்ளோ தூரம்னு வரிசையா கேப்பாங்க. பைக்குக்கு எட்டு போட்டது, காருக்கு இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்து ரோட்ல கொஞ்ச தூரம் போனதுன்னு சொன்னேன். எட்டுன்னா என்னன்னு கேட்டாரு, பேப்பர்ல வரைஞ்சு காட்டுனோம், அவரு அதையும் ஃபைல்ல வச்சுக்கிட்டாரு.

எழுத்து டெஸ்ட் நான் எழுதுனப்போ வெறும் 10 கேள்வி, சரியா தப்பா மட்டும், 7 வந்தா பாஸ், இங்லீஷ்லயும் இருந்துச்சு. அந்தக் காலம் போச்சு. 2025 அக்டோபர் 1ல இருந்து 50 கேள்வி, 45 சரியா இருக்கணும், ஓட்டிக் காட்டுறதுலயும் மார்க் கறாரா போடுறாங்க. டூரிஸ்ட்டா வந்து ஓட்டல் அட்ரஸ் குடுத்து லைசன்ஸ் வாங்கிட்டுப் போறாங்கன்னு இங்க பெரிய பேச்சு ஆச்சு, அதனால வந்த மாத்தம். புஸ்தகம் வாங்கி ஒழுங்கா படிச்சுட்டுப் போங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஓட்டிக் காட்டுறது ரோட்ல இல்ல, சென்டருக்குள்ளயே ஒரு குட்டி ஊர் மாதிரி டிராக் இருக்கும், சிக்னல், ஜீப்ரா கிராசிங், எஸ் வளைவு, கிராங்க்னு சொல்ற ரெண்டு செங்கோண திருப்பம். நீங்க 100 மார்க்கோட கிளம்புவீங்க, போகப் போக குறைச்சுக்கிட்டே வருவாங்க, 70க்குக் கீழ போனா முடிஞ்சது. சென்னை டிராஃபிக்ல பத்து வருஷம் ஓட்டுனவன் இந்தக் காலி டிராக்ல ஓட்ட மாட்டானான்னு நினைக்காதீங்க, இங்க நம்ம ஓட்டுற திறமைய யாரும் பாக்கல. நாம பாக்குறோமாங்கறதத்தான் பாக்குறாங்க. கண்ண மட்டும் திருப்பி மிரர் பாத்தா அவங்க கணக்குல நீங்க பாக்கல. கழுத்து திரும்பணும், அது பக்கத்துல இருக்குறவருக்குத் தெரியணும்.

வண்டில ஏறுறதுக்கு முன்னாடியே டெஸ்ட் ஆரம்பிச்சிடும். முன்னாடி பின்னாடி குனிஞ்சு பாக்கணும், குழந்தையோ பூனையோ இருந்தா? கதவத் திறக்குறதுக்கு முன்னாடி பின்னால பைக் வருதான்னு பாக்கணும். அப்புறம் லாக், சீட், மிரர், பெல்ட், இதே வரிசை. லேன் மாறும்போது 3 செகண்டுக்கு முன்னாடி இண்டிகேட்டர், திரும்பும்போது 30 மீட்டருக்கு முன்னாடி. இடப்பக்கம் திரும்புறப்போ வண்டிய ஓரத்தோட ஒட்டிக் கொண்டு போகணும், நமக்கும் ஓரத்துக்கும் நடுவுல சைக்கிள்காரர் பூந்துடக் கூடாதுன்னு, திரும்புறதுக்கு முன்னாடி இடது தோளுக்குப் பின்னாடி பாக்கணும். வலப்பக்கம் திரும்பும்போது நடுக்கோட்ட ஒட்டி போயி ஜங்ஷனோட நடுவ ஒட்டித் திரும்பணும், நம்ம ஊர்ல மாதிரி குறுக்கால வெட்டுனா அவ்ளோதான். சிவப்பு முக்கோணத்த தலைகீழா வச்ச மாதிரி இருக்குறது ஸ்டாப் போர்டு, அங்க சக்கரம் சுத்தமா நிக்கணும், மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. கிராங்க்ல சக்கரம் திண்டுல ஏறிட்டா உடனே நிறுத்தி ரிவர்ஸ் எடுங்க, அப்படியே ஏத்திட்டுப் போனா ஃபெயில், ஓரத்துல நிக்குற குச்சிய இடிச்சாலும் ஃபெயில்.

நம்ம ஆளுங்கள்ல ஐரோப்பிய கார் ஓட்டிப் பழகுனவங்களுக்கு இன்னொரு தொல்லை, இங்கயும் ரோட்ல இடது பக்கம்தான், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான், ஆனா இண்டிகேட்டர் குச்சி வலது கைக்கு, வைப்பர் இடது கைக்கு. ஊர்ல ஃபோக்ஸ்வேகன் ஓட்டுன கை அதுவா இடப்பக்கம் போகும். டெஸ்ட்ல நல்ல வெயில்ல வைப்பர் ஓடுச்சுன்னா பக்கத்துல இருக்குறவரு சிரிக்கக்கூட மாட்டாரு.

முதல் தடவ எனக்கு வரல. வண்டிய நிறுத்துனதும் ஆபீசர் ரொம்ப மரியாதையா, ஓட்டுறது நல்லா இருக்கு, ககுனின் பத்தலன்னு சொன்னாரு, சரிபாக்குறது போதலையாம். அன்னைக்கு என்கூட வந்தவங்கள்ல பாஸ் ஆனவங்க ரொம்பக் கம்மி, ஃபேக்டரில வேலை பாக்குற பிரேசில்காரர் ஒருத்தர் அவங்க ஊர்ல லாரியே ஓட்டுனவரு, அவரும் வெளிய உக்காந்து காபி கேன குடிச்சிட்டு இருந்தாரு.

இதை ஸ்டாஃப் ரூம்ல சொன்னதும் வைஸ் பிரின்சிபால், கியோதோ சென்செய்னு கூப்பிடுவோம், சாயங்காலம் கிரவுண்டுக்கு வான்னாரு. ஸ்போர்ட்ஸ் டேக்கு கோடு போடுற சுண்ணாம்பு வண்டிய தள்ளிட்டு வந்து கிரவுண்டுல கிராங்கையும் எஸ் வளைவையும் வரைஞ்சுட்டாரு! கார் கொண்டு வர முடியாது, நடந்து போன்னு சொன்னாரு. மறுநாள் அஞ்சாவது கிளாஸ்ல வழி சொல்ற பாடம், கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் ரைட், டர்ன் லெஃப்ட். கிளாஸ் டீச்சரே கேட்டாங்க, கிரவுண்டுலயே நடத்தலாமான்னு. பசங்க இங்லீஷ்ல வழி சொல்ல நான் கோட்டுக்குள்ள நடக்குறேன், நாலு பேரு ஜீப்ரா கிராசிங்னு சொல்லி கைய தூக்கிட்டு குறுக்க வர்றாங்க, நான் நிக்கணும். கழுத்த திருப்பலன்னா மொத்த கிளாஸும் “சென்செய், மிகி யோஷி!”ன்னு கத்துது. வலது பக்கம் சரின்னு சொல்லிட்டுத் திரும்பணுமாம், இடது பக்கம்னா ஹிதாரி யோஷி. ட்ரெயின் டிரைவர் தனியா கேபின்ல நின்னுக்கிட்டு சிக்னல கை நீட்டிக் காட்டி வாய் விட்டு சொல்றத பாத்திருப்பீங்க, அதே பழக்கம்தான். நான் எடுத்த பாடங்கள்லயே பசங்க தானா இவ்ளோ இங்லீஷ் பேசுனது அன்னைக்குத்தான்.

அப்புறம் உள்ளூர் டிரைவிங் ஸ்கூல்லயும் காசு கட்டி ஒரு மணி நேர கிளாஸ் எடுத்தேன், விலை ஜாஸ்திதான், ஆனா டெஸ்ட் வண்டி மாதிரியே பெரிய செடான்ல பழகலாம், அது வொர்த்து. நான் தினமும் ஓட்டுறது 660 சிசி கெய் கார், அதாவது இங்க ஓடுற குட்டி கார், அந்த அகலத்துக்குப் பழகிட்டு செடான்ல ஏறுனா கிராங்க்ல பின் சக்கரம் திண்ட தொடும். அடுத்த டெஸ்ட்டுக்குக் காலைல சீக்கிரமே போயிட்டேன், டெஸ்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிராக்ல நடந்து பாக்க விடுவாங்க. நடந்தேன். ஓட்டும்போது மிகி யோஷி, ஹிதாரி யோஷி எல்லாத்தையும் சத்தமாவே சொன்னேன், வெக்கமே படல. கடைசியா வண்டிய ஓரங்கட்டி இறங்குறப்பவும் பின்னாடி பாத்துட்டுத்தான் கதவத் திறந்தேன், இறங்கிட்டா டெஸ்ட் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, கதவு சாத்துற வரைக்கும் மார்க் ஓடிக்கிட்டே இருக்கு. மத்தியானம் நம்பர் கூப்பிட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, பச்சைக் கோடு போட்ட கார்டு கைக்கு வந்துச்சு. புதுசா எடுக்குறவங்களுக்குப் பச்சை, அப்புறம் நீலம், வருஷக்கணக்கா ஒரு தப்பும் இல்லாம ஓட்டுனா கோல்டு. நான் எடுத்தது ஆட்டோமேடிக் மட்டும்னு போட்டிருக்கும், இங்க கிடைக்கிற கெய் கார் பெரும்பாலும் ஆட்டோமேடிக்தான், கிளட்ச் வேணும்னு அடம் பிடிக்காதீங்க.

லீவு விஷயம் ஒண்ணு. வேலைல சேந்து ஆறு மாசம் முடிஞ்சாத்தான் சட்டப்படி 10 நாள் சம்பள லீவு வரும். அதுக்கு முன்னாடி டெஸ்ட்டுக்குப் போனா சம்பளம் போகும், அதனால கோடை லீவுல முடிஞ்ச வரைக்கும் அப்பாயிண்ட்மெண்ட் போடுங்க, ஆனா வேலை பாக்குற வெளிநாட்டு வாத்தியாருங்க எல்லாரும் அதே யோசனைலதான் இருப்பாங்க, சீக்கிரமே போன் பண்ணுங்க.

லைசன்ஸ் வந்ததும் ஒரு செகண்ட் ஹேண்ட் வேகன் ஆர் வாங்குனேன், நம்ம ஊர் வேகன் ஆர் இல்ல, இது மஞ்சள் நம்பர் ப்ளேட் வச்ச குட்டி, வருஷத்துக்கு வண்டி வரி 10,800 யென்தான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஷாகென்னு ஒரு செக்கிங் இருக்கு, அதுலதான் பர்ஸ் காலியாகும். டிசம்பர்ல ஸ்டாஃப் எல்லாரும் சேந்து வருஷக் கடைசி பார்ட்டி போவாங்க, குடிச்சுட்டு ஓட்டுனா பக்கத்துல உக்காந்தவருக்கும் தண்டனை, ஊத்திக் குடுத்தவருக்கும் தண்டனை, வாத்தியாருன்னா வேலையே போயிடும். அதனால தாய்கோன்னு ஒரு சர்வீஸ், ரெண்டு பேரு ஒரு கார்ல வருவாங்க, ஒருத்தர் நம்ம காரை நம்மள உக்கார வச்சு வீட்டுக்கு ஓட்டிட்டு வருவாரு, இன்னொருத்தர் பின்னாடியே வந்து அவரக் கூட்டிட்டுப் போவாரு. நான் குடிக்கிறது இல்ல, அதனால இப்ப எங்க ஸ்கூல்ல அந்த வேலை என் தலைல, கியோதோ சென்செய் முன் சீட்ல உக்காந்துட்டு ஒவ்வொரு ஜங்ஷன்லயும் ஹிதாரி யோஷின்னு சொல்லிட்டு வர்றாரு.