சுண்டு விரலுக்கு வேலையைக் குறையுங்கள்

துப்பாக்கிச் சூட்டு கேம்களில் இடது கையில் முதலில் களைப்பது பெரும்பாலும் சுண்டு விரல்தான். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் சத்தமில்லாமல் நடக்க ஷிஃப்ட், குனிய கன்ட்ரோல். இரண்டும் அந்த ஒரே விரலுக்கு. கன்ட்ரோலுக்கு அதை உள்ளே மடக்கும்போது மணிக்கட்டும் சாய்கிறது. குனிவதை 'சி' கீக்கு மாற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அப்போது ஸ்பேஸையும் அதே விரல் அழுத்த முடியாது. குனிந்தபடி குதிப்பது தடுமாறும். அதனால் குதிப்பதை மவுஸ் சக்கரத்தின் கீழ்ச்சுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். மவுஸின் பக்கவாட்டு பட்டனில் குனிவதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அழுத்தும் நேரத்தில் குறி நகர்ந்துவிடும்.

மவுஸ் வேகத்துக்கு 800 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அனுப்பும் புள்ளிகளின் எண்ணிக்கை), சென்சிட்டிவிட்டி (கேமுக்குள் வைக்கும் வேக அளவு) 1 என்று தொடங்கலாம். முழு வட்டம் திரும்ப சுமார் 52 செ.மீ. நகர்த்த வேண்டும், பின்னால் திரும்ப 26. மவுஸ்பேட் அதற்குப் போதாவிட்டால் சென்சிட்டிவிட்டியை 1.3 வரை ஏற்றுங்கள், 40 செ.மீ. ஆகிவிடும். வாலரன்ட் என்ற இன்னொரு துப்பாக்கிச் சூட்டு கேமில் அதே வேகம் வேண்டுமென்றால் இந்த சென்சிட்டிவிட்டி எண்ணை 3.18-ஆல் வகுக்க வேண்டும்.

புது கீபோர்டு வாங்குமுன் ஷிஃப்ட், டபிள்யூ, ஏ மூன்றையும் பிடித்தபடி ஸ்பேஸைத் தட்டிப் பாருங்கள். மலிவான சில மெம்பரேன் (கீகளுக்கு அடியில் மெல்லிய படலம் உள்ள) கீபோர்டுகளில் நான்காவது கீ பதிவாகாது; எந்த அமைப்பை மாற்றினாலும் அது சரியாகாது.